வாசலில் நிற்கப்போகும் வேனுக்குக் கரண்ட்

வேனுக்குள் பிளக் பாயிண்ட் வைக்கப்போகிறோம் என்று சொன்னதும் என் தம்பிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏன்க்கா, அப்படியே ஒரு கிரைண்டரையும் வச்சு மாவு அரைச்சு வித்துடேன்" என்றான். அவன் சிரிக்கலாம், வேன் அவனுடையது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியே கிழடான வண்டி. இனிமேல் பிள்ளைகளை ஏற்றக்கூடாது என்று ஆன பிறகு ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருக்கோடியில் காக்கா எச்சம் வாங்கிக்கொண்டு நின்றது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வேனில் கரண்ட் வந்தால்தான் என் வீட்டுக்காரர் எங்கள் மகளைப் பார்க்க முடியும். வராவிட்டால் பார்க்காமலே போய்ச்சேர வேண்டியதுதான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

என் வீட்டுக்காரர் வயர்மேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் சுவரைக் கொத்தி, பைப்பைப் புதைத்து, வயரை இழுத்தவர். கொத்திய சுவரின் தூசியெல்லாம் நெஞ்சுக்குள் போனது. போதாததற்கு பீடி வேறு. நான் கத்தாத கத்தல் இல்லை. கடைசியில் தில்லை நகர் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, நுரையீரல் சுருங்கிவிட்டது, இனி மெஷின்தான் என்று சொல்லிவிட்டார். ஆக்சிஜன் மெஷின். தண்ணீர் கேன் உயரம் இருக்கும். சுவர் பிளக்கில் சொருகினால் 'ங்ங்' என்று ஓடும், அதிலிருந்து ஒரு குழாய் அவர் மூக்குக்குப் போகும். அதை அணைத்தால் பத்து நிமிஷம் தாங்குவார். அதற்கு மேல் போனால் உதடு கறுக்கும், கண் சொருகும். கரண்ட் போனால் மாட்டுவதற்குச் சின்ன சிலிண்டர் உண்டு. ஒன்று நாலு மணி நேரம் வரும், அவ்வளவுதான்.

மகள் கதை வேறு. பச்சைமலையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு டீச்சராகப் போனாள். அங்கேயே மரவள்ளி போடும் குடும்பத்துப் பையனைக் கட்டிக்கொள்ளப்போகிறேன் என்று வந்து நின்றாள். இந்த மனுஷன் கூடத்தின் நடுவில் நின்று, தெருவே கேட்கிற மாதிரி, "உன் வீட்டு வாசப்படிய என் கால் மிதிக்காது. நானும் மிதிக்க மாட்டேன், நீயும் இங்க வராத" என்றார். அவள் யார், இவர் பெண்தானே. "சரிப்பா" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனவள் எட்டு வருஷமாக வரவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நான் மொட்டைமாடிக்குப் போய் ரகசியமாகப் போன் பேசிக்கொண்டு கிடந்தேன். மூன்று வயதில் ஒரு பேத்தி இருக்கிறாள். போட்டோவில்தான் பார்த்திருக்கிறோம். போனை நான் வேண்டுமென்றே படம் தெரிகிற மாதிரி கட்டிலில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போவேன். திரும்பி வந்தால் போன் வேறு பக்கமாகக் கிடக்கும். கேட்டால், "கொசு அடிச்சேன்" என்பார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில், காபியை ஆற்றிக் கொடுக்கும்போது, "அவளப் பாக்கணும்" என்றார். நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"இப்பவே போன் பண்றேன். நாளைக்கே வந்துடுவா."

"வேணாம். போகச் சொன்னது நான். நான்தான் போகணும்."

"சரி, போவோம். மெஷினையும் தூக்கிட்டுப் போயி அவ வீட்ல வச்சுக்கலாம்."

"வீட்டுக்குள்ள எப்படிடி போறது? மிதிக்க மாட்டேன்னு சொன்ன இதே வாய வச்சுக்கிட்டு? வாசல்ல இருக்கேன். ரெண்டு நாள் பாத்துட்டு வந்துடலாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் காபியை அவர் தலையில் ஊற்றியிருக்கலாம். மூச்சு விட வழியில்லை, வீம்புக்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் கோபம் இறங்கிவிட்டது. கூச்சத்தில் கண்ணைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் வேன் யோசனை வந்தது. மலை ஏற மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். போக ஒரு சிலிண்டர், வர ஒரு சிலிண்டர். நடுவில் இரண்டு நாள் அவள் வாசலில் நிற்கிறபோது, அவள் வீட்டுக் கரண்ட்டை வேனுக்குள் இழுத்து மெஷினை ஓட்ட வேண்டும்.

வேறு வயர்மேனைக் கூப்பிடலாம் என்றேன். "என் வேலைல இன்னொருத்தன் கை வைக்கிறதா?" என்று பாய்ந்து, பாய்ந்ததில் இருமி, இருமலில் அரைமணி நேரம் போனது. அவர் கையோ ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தால் நடுங்கியது. ஆகக் கடைசியில் அந்த வேலை யார் தலையில் விழுந்தது? என் தலையில். நான் பிளவுஸ் தைக்கிறவள். ஊசியும் கத்தரியும் தவிர ஒன்றும் தெரியாது. தம்பி வேனை எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். அவர் குழாயை நீளமாக மாட்டிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். என்னுடைய தையல் ஸ்கேலையே எடுத்து வைத்துக்கொண்டு, "அங்க, இங்க, அதுக்குக் கீழ" என்று காட்ட ஆரம்பித்தார்.

பட்டறைக்காரர் ஒருவர் வந்து வேனின் பக்கத் தகட்டில் சதுரமாக ஒரு ஓட்டை வெட்டிக் கொடுத்தார். அங்கே மூடி போட்ட ஒரு பெட்டி. வீட்டிலிருந்து வருகிற நீள வயரை அதில் சொருக வேண்டும். அந்தப் பெட்டியிலிருந்து வயர் உள்ளே போய் எம்.சி.பி. என்கிற மெயின் ஸ்விட்ச்சுக்கு வரும். அதை அவர் சீட்டுக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னார். "எதாவது ஆச்சுன்னா நானே அணைச்சுக்குவேன்" என்றார். அங்கிருந்து மூன்று பிளக் பாயிண்ட். சிவப்பு வயரில்தான் கரண்ட் வரும், அது பேஸ். கறுப்பு நியூட்ரல். பச்சை எர்த், அதன் ஒரு நுனியை வேனின் இரும்பில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். வலது ஓட்டைக்குச் சிவப்பு, இடது ஓட்டைக்குக் கறுப்பு, மேலே குண்டு ஓட்டைக்குப் பச்சை. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் இப்போதும். வயர் தோலைப் பல்லால் உரித்ததற்கு அவர் திட்டினார். ஸ்கேலால் முதுகில் தட்டியதற்கு நான் திட்டினேன். கோயிலுக்கு வந்து வழி தப்பிய வெளியூர்க்காரர்கள் நின்று, "டிபன் கடைங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

சாமான் வாங்கத் தென்னூரில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "எதுக்கும்மா இது?" என்றார். சொன்னேன். "இரும்பு வண்டிங்களா? அப்ப கரண்ட் லீக் ஆனா தானா அணையிற ட்ரிப்பர் ஒண்ணு கண்டிப்பாப் போடுங்க. அது இல்லாம செய்யாதீங்க" என்று எடுத்துக் கொடுத்தார். அதைக் கொண்டுவந்து காட்டியதும் இவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"இதெல்லாம் மழை தூத்தல் விழுந்தா டொக்குன்னு அணைஞ்சுடும். மெஷின் நின்னா யாரு மூச்சு விடுறது, அந்தக் கடைக்காரனா?"

மறுநாள் பஸ் ஏறிப் போய் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். கடைக்காரர் வாங்கிக்கொண்டு காசை எண்ணிக் கொடுத்தார். இரண்டு வார்த்தை சண்டை போட்டிருக்கலாம் அந்த மனுஷன்.

வேலை முடிந்த அன்று எங்கள் கூடத்து ஜன்னல் வழியாக வயரை இழுத்துச் சொருகினோம். வேனுக்குள் மெஷின் ஓடியது. எனக்குக் கையைத் தட்ட வேண்டும் போல இருந்தது. என் கையால் முறுக்கிய வயரில் கரண்ட் வந்திருக்கிறது! சந்தோஷத்தில் வேன் கதவைப் பிடித்தேன், விரலில் ஜிவ்வென்று ஒரு கடி.

"ஏங்க, வண்டி இழுக்குது!"

அவர் அசரவில்லை. "இழுக்கத்தான் செய்யும். நம்ம வீட்ல எர்த் ஏது? பழைய வயரிங். இந்தா, பொட்டிகிட்ட ஒரு லூப் போடு" என்றார்.

லூப் என்றால் ஒரு விரல் நீள வயர், அவ்வளவுதான். வெளிப்பெட்டியில் வயர் வந்து சேருகிற இடத்தில் நியூட்ரலையும் எர்த்தையும் அந்தத் துண்டால் சேர்த்துவிடுவது. எர்த் இல்லாத வீட்டில் எல்லாம் இவர் செய்கிற வித்தை இது. "பிரிட்ஜ் இழுக்குது, மோட்டர் இழுக்குதுன்னு கூப்புடுவாங்க. ஒரு லூப்பு போட்டா அடங்கிரும். இந்த ஊர்ல எத்தனை வீட்ல போட்டுருக்கேன், எவனாச்சும் செத்தானா?" என்றார். நான் துண்டு வயரை வைத்து இறுக்கினேன். கதவைத் தொட்டுப் பார்த்தேன். கடி நின்றுவிட்டது. அப்போது அவர் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு, டெஸ்டரை என் கையில் கொடுத்தார்.

"நல்லாக் கேட்டுக்க. அங்க போனதும் அவங்க வீட்டுப் பிளக்குல மொதல்ல இத வச்சுப் பாரு. வலது ஓட்டைல லைட் எரியணும். இடதுல எரிஞ்சா பேஸும் நியூட்ரலும் மாறியிருக்குன்னு அர்த்தம். அப்ப சொருகவே கூடாது. சொருகினா அந்த லூப் வழியா வண்டி மொத்தமும் கரண்ட். புரியுதா?"

மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தார், சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. வலதுல எரியணும், இடதுல எரிஞ்சா சொருகக்கூடாது. எரிச்சலாக இருந்தது. நான் என்ன முட்டாளா என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் மாடிக்குப் போய் மகளுக்குப் போன் செய்தேன். அப்பா வருகிறார் என்றேன். உள்ளே வர மாட்டார், வாசலில் வண்டியிலேயே இருப்பார், பிளக்கில் கரண்ட் மட்டும் கொடு, போதும் என்றேன்.

"என்கிட்டேருந்து கரண்ட்டு மட்டும்தான் வேணுமாம்மா அவருக்கு?" என்றாள். அழுகிறாளா, கோபமா என்று தெரியவில்லை. "கொண்டு வா" என்று வைத்துவிட்டாள்.

கிளம்புகிற அன்று விடிந்ததும் அவர் ஷேவ் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, வேனில் உட்கார்ந்துவிட்டார். தம்பிதான் ஓட்டினான். கொள்ளிடம் பாலம் தாண்டி, மண்ணச்சநல்லூர் தாண்டி, துறையூரில் இட்லி வாங்கிக்கொண்டோம். அவர் சாப்பிடவில்லை. சிலிண்டர் மீட்டரின் முள்ளைப் பார்ப்பார், ஜன்னலைப் பார்ப்பார், திரும்ப முள்ளைப் பார்ப்பார். மலை ஏறும்போது, "போயி என்ன பேசுவீங்க?" என்று கேட்டேன். "பேச என்ன இருக்கு" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "மன்னிச்சுக்கன்னு சொல்லணும். வருமான்னு தெரியல" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஓட்டு வீடு. முன்னால் சாணம் தெளித்த பெரிய வாசல், ஓரத்தில் மரவள்ளிக் குச்சிக் கட்டுகள். வேன் நின்றபோது சிலிண்டரின் முள் சிவப்பில் இருந்தது. நான் இறங்கி வயர்ச் சுருளை எடுத்தேன். ஒரு நுனியை வேன் பெட்டியில் சொருகினேன். மறு நுனியைத் தூக்கிக்கொண்டு, ரவிக்கைக்குள் இருந்த டெஸ்டரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, வீட்டைப் பார்க்க நடந்தேன். மாப்பிள்ளை ஓடி வந்தார். கல்யாணத்துக்குக்கூட நாங்கள் போகவில்லை. நேரில் அன்றைக்குத்தான் பார்க்கிறேன். முகமெல்லாம் சிரிப்பும் பயமுமாக, "நீங்க இருங்க அத்தை, நான் சொருகறேன்" என்று என் கையிலிருந்து வயரை வாங்கிக்கொண்டார்.

அத்தை என்றார். எட்டு வருஷமாக அவரிடம் ஒரு வார்த்தை பேசாத எங்களைப் பார்த்து, அத்தை. அந்த மனுஷனை நிறுத்தி, 'கொஞ்சம் இருங்க, உங்க வீட்டுப் பிளக்கு சரியான்னு பாக்கணும்' என்று எப்படிச் சொல்வது? வந்ததும் வராததுமாக உங்கள் வீட்டில் குறை பார்க்கிறேன் என்றா? அவர் உள்ளே போய்விட்டார். நான் வேனுக்குள் ஏறினேன், சிலிண்டர் குழாயைக் கழற்றி மெஷினில் மாட்டினேன். மெஷின் ஓடியது. டெஸ்டர் என் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். வண்டிக்குள் எங்கே தொட்டாலும் ஒன்றும் இழுக்கவில்லை. உள்ளே இருக்கிறவர்களுக்கு இழுக்காது, மண்ணில் நிற்கிறவர்களுக்குத்தான் இழுக்கும் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

மகள் வந்தாள். கையில் ஆரத்தித் தட்டு. வீட்டுக்குள் வர மாட்டேன் என்கிற அப்பாவுக்கு அவள் வாசலுக்கே ஆரத்தி கொண்டுவந்தாள். இளைத்துப் போயிருந்தாள். வெறுங்காலோடு வேன் கதவுக்கு எதிரில் நின்று, அப்பாவைப் பார்க்காமல் தட்டையே பார்த்துக்கொண்டு, மூன்று சுற்றுச் சுற்றினாள். சுற்றிய வேகத்தில் சிவப்புத் தண்ணீர் தளும்பி அவள் காலிலும் மண்ணிலும் கொட்டியது. பிறகு அதில் விரலைத் தொட்டாள். பொட்டு வைக்க வேண்டுமானால் மேலே ஏற வேண்டும். இவர் நெற்றியை முன்னால் நீட்டினார். அவள் ஈரக் கையால் கதவுக் கம்பியைப் பிடித்தாள்.

தட்டு விழுந்தது. அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். ரங்கா, என் பெண் கரண்ட்டில் துடிக்கிறாள், நான் அப்பாவைப் பார்த்து அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. "கரண்ட்டுடி!" என்று கத்தி, சீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்விட்ச்சை அடித்து அணைத்தார். மெஷின் நின்றது. பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. அவள் கை கம்பியை விடவில்லை. அவர் ஸ்விட்ச்சைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அந்த முகத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். அந்த ஸ்விட்ச் வெட்டுவது வலது பக்கத்து வயரை மட்டும்தான். இந்த வீட்டிலோ கரண்ட் இடது பக்கத்தில் வந்திருந்தது. நான் முறுக்கிய துண்டு வயர் வழியாக அது அப்படியே வண்டி மேல் நின்றது. தன் மூச்சை அணைத்தும் அவரால் அவளை விடுவிக்க முடியவில்லை.

நான் அவளைப் பிடிக்கப் பாய்ந்தேன். அவர் என் புடவையைப் பிடித்து இழுத்தார். "தொடாத... பிளக்கு... பிளக்கு..." என்றார். மூச்சு இல்லை. நான்தான் கத்தினேன், "பிளக்கப் புடுங்குங்க! பிளக்கப் புடுங்குங்க!" என்று. வாசற்படியில் நின்ற பேத்தி "அம்மா" என்று ஓடி வந்தாள். கீழே நின்ற தம்பி அவளைப் பாதியில் வாரித் தூக்கிக்கொண்டான். மாப்பிள்ளை வீட்டுக்குள் ஓடினார். எத்தனை நொடி ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. உள்ளே அவர் பிளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும், அவள் கை கம்பியை விட்டது, மண்ணில் மல்லாக்க விழுந்தாள்.

இறங்கி அவளை மடியில் போட்டுக்கொண்டேன். உடம்பெல்லாம் சிவப்பு. ஆரத்தித் தண்ணியா, ரத்தமா? தடவித் தடவிப் பார்த்தேன். கண்ணைத் திறந்தாள். உள்ளங்கையில் வெளுத்த கோடு போல இரண்டு சூட்டுக் காயம். "ஒண்ணும் இல்லம்மா" என்றாள். பல் கிட்டித்து, வார்த்தை உடைந்து வந்தது. "அப்பாவப் பாரு. அப்பாவப் பாருன்னா" என்றாள்.

அவர் சீட்டில் சாய்ந்து கிடந்தார். கத்தியதிலும் பதறியதிலும் பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை, உதடு கறுத்துவிட்டது. திரும்பிப் போவதற்கு வைத்திருந்த சிலிண்டர் மூட்டைகளுக்கு அடியில் இருந்தது. அதைத் திறக்கிற சாவி எங்கே? பையைக் கொட்டினேன். இட்லிப் பொட்டலம் விழுந்தது, துண்டு விழுந்தது, மாத்திரை விழுந்தது, சாவி இல்லை. இப்போதா தொலைய வேண்டும், பாழாய்ப்போன சாவி! தம்பி, "வீட்லேருந்து வேற வயர் இழுத்து மெஷின மட்டும் ஓட்டலாமா?" என்றான்.

"இந்த வண்டிகிட்ட இனிமே ஒரு வயரும் வராது" என்றார் மாப்பிள்ளை. அவர் சிரிப்பெல்லாம் போய்விட்டிருந்தது. யாரையும் கேட்கவில்லை. வண்டிக்குள் ஏறினார், இரண்டு கையாலும் இவரை அப்படியே தூக்கினார். தூக்க என்ன இருக்கிறது, எலும்பும் வெள்ளைச் சட்டையும்தான். வேண்டாம் என்று சொல்ல இவருக்கு மூச்சில்லை. கை மட்டும் மாப்பிள்ளையின் நெஞ்சில் ஒரு தடவை தள்ளியது. பிறகு அதே கை அந்தச் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை வாசற்படியைத் தாண்டி உள்ளே கொண்டுபோனார். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றிவிட்டார் என் வீட்டுக்காரர், பாவி. அவர் கால் படியில் படவில்லை.

கூடத்தில் ஒரு கட்டில் இருந்தது, அதில் கிடத்தினார். தம்பி மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். நான் குழாயை அவர் மூக்கில் மாட்டினேன். மாட்டி என்ன, மெஷின் ஓட வேண்டுமே. சுவரில் இருந்தது அந்த ஒரே பிளக். யாரும் அதன் கிட்டே போகவில்லை. மாப்பிள்ளை நின்றார், தம்பி நின்றான், நானும் நின்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த ஓட்டைகளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். வலது கையை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள், அது தொங்கியது. இடது கையால் மெஷினின் பிளக்கை எடுத்தாள். கால் இன்னும் ஈரம். சாணம் மெழுகிய தரையில் சிவப்புச் சிவப்பாக அடி பதிந்தது.

கட்டிலில் அவர் தலை அசைந்தது. வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தார். நான் குனிந்து காதைக் கொடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அவள் காலையே பார்த்தார்.

"செருப்பு" என்றார்.

ஒருவருக்கும் புரியவில்லை. உள்ள கொஞ்ச மூச்சையும் கூட்டி, அவளைப் பார்த்துச் சொன்னார். "செருப்பு... போட்டுக்கம்மா."

எட்டு வருஷத்துக்குப் பிறகு அவளிடம் அவர் பேசினது இதுதான். அவள் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். முகம் கோணியது. சண்டை போடுவாள் என்று பயந்தேன். அவள் பிளக்கைக் கீழே வைத்தாள். வெளியே போய் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, செருப்புக் காலோடு கூடத்துக்குள் வந்து சுவரோரம் நின்றாள். ஒரு காலைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள்.

"போட்டுக்கிட்டேன்ப்பா. பாருங்க."

அவர் பார்த்துத் தலையை ஆட்டிய பிறகுதான் சொருகினாள்.